மாற்றியமைத்த மோட்டார் சைக்கிள் யந்திரத்தில் வால்வுக் கருவிகளின் அகாலத் தேய்வு

காளைகளின் விலையும் தீவனச் செலவும் ஏறிவருவதால், சிறிய யந்திரம் ஒன்றைக் கொண்டே இடை உழவு, களையெடுப்பு, பார் கட்டுதல் முதலிய வேலைகளை முடித்துக்கொள்ள இயலுமா என்று ஆராயும் குடியானவர்கள் பலராவர். டிராக்டர் வாங்க வசதியில்லாதவர்க்கும், டிராக்டர் திரும்ப இடமில்லாத சிறு வயல்களை உடையவர்க்கும் மோட்டார் சைக்கிள் யந்திரம் ஒரு வழியாகத் தோன்றுகிறது. இது வெறுங் கற்பனையன்று. குஜராத் மாநிலத்து அம்ரேலி ஜில்லாவைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி என்பவர் 1994 இல் என்பீல்டு புல்லட் வண்டி ஒன்றின் பின் சக்கரத்தை நீக்கி, அவ்விடத்தில் இரு சக்கரங்களையும் கருவிகள் பூட்டும் சட்டம் ஒன்றையும் பொருத்தி, அதனைக் கொண்டு உழவு, விதைப்பு, களையெடுப்பு ஆகிய மூன்றையும் செய்து காட்டினார். 'புல்லட் ஸாந்தி' என்று அது பெயர் பெற்றது. ஸாந்தி என்பது அந்நாட்டு மொழியில் ஏர்க்கருவியைக் குறிக்கும் சொல். 2005 இல் அமெரிக்க நாட்டிலும் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

தமிழ்நாட்டுக் குடியானவர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச் சௌகரியம் உண்டு. புல்லட் சென்னையிலேயே செய்யப்படும் வண்டி. 1955 இல் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டு, நகருக்கு வடக்கே திருவொற்றியூரில் பல்லாண்டுகள் அவ்வண்டிகள் உருவாயின. நகருக்கு மேற்கே பாடி. தேவாரத்தில் திருவலிதாயம் என வழங்கும் இவ்வூரில், 1960 முதல் 1962 வரையிலான மூன்று ஆண்டுகளுக்குள் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகிய மோட்டார்ச் சாதனக் கம்பெனிகள் தோன்றின. அருகிலுள்ள அம்பத்தூரில் 1964 இல் தொழிற்பேட்டை அமைந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு லேத்துப் பட்டறைகளும் கிரைண்டிங் பட்டறைகளும் பெருகுவது இயல்பே. திருவள்ளூர் நெடுஞ்சாலை பாடி வழியாகவே செல்வதால், திருநின்றவூர், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்தார் பழுதான யந்திர பாகத்தைக் காலையில் எடுத்துச் சென்று, வேலை முடித்து, அன்றே ஊர் திரும்பலாம்.

ஆயினும், பட்டறைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தேய்ந்த பாகம் மட்டுமே. அது தேய்ந்ததன் காரணம் வயலிலேயே தங்கிவிடுகிறது. பட்டறைக்காரர் கேமைச் சாணை பிடித்துத் தருகிறார். அல்லது புதிய கேமைக் கொடுக்கிறார். குடியானவர் அதைப் பூட்டி ஓட்டுகிறார். அடுத்த பருவத்தில், பெரும்பாலும் களையெடுப்பு உச்சத்தில் இருக்கும் வாரத்திலேயே, அதே சத்தம், அதே பலக்குறைவு. பயிரில் கண்ட நோய் இன்னதென்று தெரியுமுன் மருந்து தெளிக்கலாகாது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்கள் நன்கு அறிவர். யந்திரத்துக்கும் அஃதே முறை.

வால்வுக் கருவிகளின் வேலை

பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடுவதற்கு ஒரு வால்வும், எரிந்த புகையை வெளியேற்றுவதற்கு ஒரு வால்வும் ஸிலிண்டரின் தலைப்பாகமாகிய ஹெட்டில் உள்ளன. யந்திரத்தின் அடிப்புறத்தில் சுழலும் கேம் என்னும் முட்டை வடிவச் சக்கரம் தன் மேல் அமர்ந்த டாப்பெட்டைத் தூக்குகிறது. டாப்பெட் புஷ் ராடு என்னும் நீண்ட கம்பியைத் தூக்க, அக்கம்பி மேலேயுள்ள ராக்கர் என்னும் நெம்புகோலைத் தள்ள, ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. ஏற்ற மரத்தை நினைவில் கொண்டால் ராக்கரின் செயல் எளிதில் விளங்கும்.

இவ்வேலை எத்தனை முறை நடைபெறுகிறது என்பதைச் சிந்திப்பவர் சிலரே. நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் யந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1,500 முறை திறந்து மூடுகிறது. எட்டு மணி நேர வேலையில் அது 7,20,000 முறையாகும். ஒவ்வொரு முறையும் கேமின் மூக்குப் பாகமும் டாப்பெட்டின் அடிப்பாகமும், இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை மட்டும் காப்பாகக் கொண்டு, ஸ்பிரிங்கின் முழுப் பலத்தோடும் உரசுகின்றன. அவ்விடத்தில் சிறு தவறு நேரினும் அது ஒரு நாளிலேயே ஏழு லட்சம் முறை திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

இடைவெளி எந்தப் பக்கம் மாறுகிறது?

தேய்வின் இடத்தைக் கண்டறிய யந்திரத்தைக் கழற்றவே வேண்டியதில்லை என்று கூறினால் சிலர் நம்பமாட்டார்கள். இக்கருவிகளுக்கிடையே, யந்திரம் குளிர்ந்திருக்கும்போது இருக்கவேண்டிய சிறு இடைவெளியை ஒவ்வொரு கம்பெனியும் தன் கைப்புத்தகத்தில் குறித்துள்ளது. அந்த இடைவெளி நாளடைவில் அதிகமாகிறதா, குறைகிறதா என்பதே முதற் கேள்வி.

கேம், டாப்பெட், புஷ் ராடின் முனைகள், ராக்கர், வால்வுத் தண்டின் நுனி ஆகியவற்றில் எது தேய்ந்தாலும் இடைவெளி விரியும், சத்தமும் பெருகும். வால்வு அமரும் வளையமாகிய ஸீட்டு தேய்ந்தாலோ, வால்வின் முகம் குழிந்தாலோ, வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறிக்கொள்வதால் இடைவெளி சுருங்கும். யந்திரம் முன்னிலும் அமைதியாக ஓடும். இந்த அமைதியே ஆபத்தானது. சத்தம் போடும் டாப்பெட்டைக் கண்டு அஞ்சி மெக்கானிக்கை அழைப்பவர்கள், சத்தம் அடங்கிவிட்ட யந்திரத்தைக் கண்டு மகிழ்ந்து மேலும் ஓட்டுகிறார்கள். இடைவெளி முற்றும் மறைந்தபின் வால்வு சரிவர மூடாது; எரியும் வாயு அவ்விடுக்கு வழியே பீறிட்டு வால்வின் விளிம்பைக் கருக்கிவிடும். மெக்கானிக்கை அழைக்க உரிய காலம் யந்திரம் அமைதியாகிவிட்ட காலமே.

பழைய இரும்புப் போர் புல்லட்டில் இடைவெளியைத் தகட்டினால் அளப்பதில்லை. பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க, யந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கையில், புஷ் ராடு விரல்களால் தடையின்றிச் சுழலவேண்டும். மேலும் கீழுமான ஆட்டம் தெரியலாகாது. இந்நிலைக்குக் கொண்டுவர அடியிலுள்ள திருகை நீட்டவேண்டியிருந்ததா, உள்ளே இறக்கவேண்டியிருந்ததா, எவ்வளவு திருப்ப நேர்ந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் குறித்துவைத்தல் வேண்டும். திருகை நீட்டிக்கொண்டே போகவேண்டியிருந்தால் தேய்வு கேம் முதல் ராக்கர் வரையிலான தொடரில் உள்ளது. இறக்கிக்கொண்டே போகவேண்டியிருந்தால் தேய்வு ஸீட்டில் உள்ளது. பாடிப் பட்டறைக்குப் பாகத்தை எடுத்துச் செல்பவர் இந்நோட்டையும் உடன் எடுத்துச் சென்றால், அனுபவமுள்ள பட்டறைக்காரருக்குப் பாதி வேலை குறையும்.

2008 ஆம் ஆண்டு முதல் வரத்தொடங்கிய ஒருங்கிணைந்த யந்திரங்களில் டாப்பெட் எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். ஆகையால் அவற்றில் இந்த அடையாளம் வெளிப்படாது. பின்னால் கூறப்படும் தூக்கு அளவையே நம்பவேண்டும். 350 ஸி.ஸி. வகையில் 2020 முதல் வந்தவற்றில் புஷ் ராடே இல்லை. கேம் ஹெட்டின் மேலேயே அமைந்திருக்கிறது. வயல் வேலைக்கு மாற்றப்படுபவை பெரும்பாலும் பழைய வண்டிகளேயாதலால் இங்கு அவற்றைப் பற்றியே விரிவாகக் கூறப்படுகிறது.

மணிக்கணக்கும் மைல் கணக்கும்

மாற்றியமைத்த யந்திரம் சீக்கிரம் தேய்வதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றுள் மிக எளியதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் எண்ணெய் மாற்றும் கணக்கே. பழைய வண்டிக்கு 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது ஒருவருடைய வழக்கம் என்று கொள்வோம். சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது 75 மணி நேர ஓட்டமாகும். அதே யந்திரம் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் வயலில் களை வெட்டினால், மீட்டரில் 3,000 ஏறுவதற்கு 750 மணி நேரம் செல்லும். அதாவது, ஒரே எண்ணெய் பத்து மடங்கு காலம் வேலை செய்யும். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் வால்வு மைலைக் கணக்கிடுவதில்லை, சுற்றைத்தான் கணக்கிடுகிறது. பின் சக்கரத்தையும் பற்சக்கரங்களையும் மாற்றிய வண்டியில் மீட்டர் வேலை செய்யாமலே கிடப்பதும் உண்டு. வயல் யந்திரத்துக்கு எண்ணெய் மணிக்கணக்கில்தான் மாற்றப்படவேண்டும். புழுதி மிகுந்த கோடை உழவில் அந்த 75 மணியும் அதிகம். 50 மணிக்கு ஒருமுறை மாற்றுதல் நலம்.

அடுத்தது உஷ்ணம். இந்த யந்திரம் காற்றினால் குளிர்விக்கப்படுவது. சாலையில் வண்டியின் வேகமே எதிர்காற்றைத் தருகிறது; வயலில் அது இல்லை. பாரமோ மிகுதி, கியரோ தாழ்ந்தது. ஹெட்டில் ஏறிய உஷ்ணம் எண்ணெயை நீர்த்துவிடச் செய்வதோடு, புகை வால்வையும் அதன் ஸீட்டையும் மெலிவிக்கிறது. பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டில் விற்கப்படுவதில்லை. மென்மையான ஸீட்டுக்கு அந்த ஈயப்படிவு ஒரு மெத்தைபோல் உதவிவந்தது. 2025 இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் நிலையை இந்தியா எட்டியது. எத்தனாலில் பிராணவாயு அடங்கியிருப்பதால், பழைய கார்புரேட்டரை மாற்றாமல் ஓட்டினால் கலவை சற்று நீர்த்து எரிகிறது. அதனாலும் உஷ்ணம் ஏறக்கூடும். நோட்டில் திருகை இறக்கியதாகவே குறிப்புகள் காணப்படும் யந்திரத்தில் முதலில் பார்க்கவேண்டியவை இவைதாம்: கார்புரேட்டர் ஜெட், ஸிலிண்டரின் விசிறித் தகடுகளுக்கிடையே அப்பிய சேறு, மோட்டாரின் முன்புறத்தை மறைத்துப் பொருத்திய தகரம். தெளிப்புத் தொட்டியையோ விதைப்பெட்டியையோ யந்திரத்துக்கு நேர் முன்னே கட்டிக் காற்றை அடைத்துவிடுவோரும் உண்டு.

எண்ணெயின் வகையும் முக்கியமானது. கேமும் டாப்பெட்டும் உரசும் இடத்தில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்துச்சரக்கே கடைசிக் காப்பாக நிற்கிறது. புகை சுத்திகரிக்கும் கருவியைக் காப்பதற்காக, மோட்டார் காருக்கென வரும் புதுவகை நீர்த்த எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேற்படாதபடி குறைக்கப்பட்டுள்ளது. மோட்டார் சைக்கிளுக்கான ஜப்பானிய ஜாஸோ தரத்தில் அது 0.08 முதல் 0.12 சதவீதம் வரை அனுமதிக்கப்படுகிறது. ஆகவே, டின்னின் பின்புறத்தில் ஜாஸோ எம்.ஏ. என்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்குதல் உசிதம். விலை உயர்ந்த கார் எண்ணெய் எல்லாவற்றினும் சிறந்தது என்ற எண்ணம் இவ்விஷயத்தில் தவறு.

பந்தயக் கேமும் உழவும்

சென்னைக்கு வடமேற்கே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடைபெற்றுவந்த மோட்டார் பந்தயங்கள் பல தலைமுறை மெக்கானிக்குகளுக்குப் பள்ளிக்கூடமாக விளங்கின. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலை ஏற்பட்டது. உயரமான மூக்குடைய கேம், கடினமான ஸ்பிரிங், சீவிய ஹெட் முதலிய மாற்றங்கள் யாவும் அவ்வழி வந்தவையே. பந்தயத்துக்கு அவை பொருந்தும். பந்தய யந்திரம் சில நிமிஷங்களே ஓடுகிறது. எண்ணெய் அடிக்கடி மாறுகிறது. பந்தயம் முடிந்ததும் கழற்றிச் சோதிக்கப்படுகிறது. உழவு யந்திரம் காலை முதல் மாலை வரை ஓடுகிறது. அதைக் கழற்றிப் பார்ப்பார் யாருமில்லை.

மேலும், பந்தயக் கேம் பலத்தைக் கூட்டுவதாகச் சொல்வது அரைகுறை உண்மையே. அது பலத்தை மேல் வேகத்துக்கு நகர்த்துகிறது. கீழ் வேகத்தில் இழுவை குறைந்துபோகிறது. களைவெட்டிக்கு வேண்டியதோ கீழ் வேக இழுவைதான். கடினமான ஸ்பிரிங் எதற்கு? மிகுந்த வேகத்தில் வால்வு கேமைப் பின்பற்றாமல் மிதந்துவிடாதிருக்க. வயலில் அவ்வேகத்தை யந்திரம் எட்டுவதே இல்லை. ஆகவே, அந்த ஸ்பிரிங்கின் மிகுபலம் முழுவதும் கேமின் மூக்கைத் தேய்ப்பதற்கே பயன்படுகிறது. வயல் வேலைக்கு மாற்றும் வண்டியில் சட்டத்தையும் சக்கரத்தையும் கியர் விகிதத்தையும் மாற்றலாம். ஹெட்டையும் கேமையும் கம்பெனி கொடுத்தபடியே விடுவதுதான் நன்று. முன்பே மாற்றப்பட்ட வண்டியைப் பழைய விலைக்கு வாங்கியவர் முதலில் அசல் கேமையும் ஸ்பிரிங்கையும் தேடிப் பொருத்துவாராக.

ஹெட்டைச் சீவினால் மற்றொரு கேடும் உண்டு. ஹெட் தாழ்ந்த அளவுக்குப் புஷ் ராடு நீளமாகிவிட்டது போலாகிறது. ராக்கரின் கோணம் மாறுகிறது. அதன் நுனி வால்வுத் தண்டின் நடுவில் அழுத்தாமல் விளிம்பில் அழுத்துகிறது. தண்டு பக்கவாட்டில் தள்ளப்பட்டு, அது ஏறியிறங்கும் குழாயாகிய கைடு நீள்வட்டமாகத் தேய்கிறது. இதைக் காண, தண்டின் நுனியில் பேனா மையைத் தடவி, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி யந்திரத்தை நாலைந்து சுற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும். மை அழிந்த கோடு நடுவில் இருந்தால் கோணம் சரி. ஓரத்தில் இருந்தால் புஷ் ராடின் நீளம் தவறு.

கழற்றாமலே செய்யும் சோதனைகள்

ராக்கர் மூடியைத் திறந்துவைத்து யந்திரத்தைத் தாழ்ந்த வேகத்தில் ஓட்டினால், ராக்கர் அச்சுகளிலிருந்து எண்ணெய் கசிந்து பரவுவது கண்ணுக்குத் தெரியவேண்டும். சூடான எண்ணெய் தெறிக்குமாதலால் முகத்தை விலக்கிப் பார்ப்பது அவசியம். எண்ணெய் வரவில்லையெனில் மேற்கொண்டு எதையும் கழற்றுமுன், வெளிப்புறமாக ஹெட்டுக்கு ஏறும் சிறு எண்ணெய்க் குழாயையும் அதன் துளையிட்ட போல்ட்டுகளையும் ஊதிப் பார்க்கவேண்டும். மூடிகளைப் பொருத்தும்போது அளவின்றிப் பூசப்படும் ஒட்டுப் பசை துணுக்குகளாகப் பிய்ந்து இத்துளைகளை அடைப்பது அடிக்கடி நிகழ்கிறது. ஒரு குன்றிமணியளவு பசை ஒரு புதிய கேமைக் கெடுக்கப் போதும்.

எண்ணெய் மாற்றும்போது வடித்த எண்ணெயில் ஒரு காந்தத்தை இட்டு எடுத்தல் வேண்டும். காந்தத்தில் மயிர்போல் ஒட்டும் துகள் இரும்பினுடையது. பழைய புல்லட்டில் கியர் பெட்டிக்கு எண்ணெய் தனியாதலால், யந்திர எண்ணெயில் வரும் இரும்புத் துகளுக்குக் கியரின்மீது பழி போட இயலாது. கேம், டாப்பெட், அவற்றைச் சுழற்றும் பற்சக்கரம், எண்ணெய்ப் பம்பு இவற்றுள் ஒன்றைத்தான் ஐயுறவேண்டும். 2008 க்குப் பிந்திய யந்திரங்களில் இரண்டுக்கும் எண்ணெய் ஒன்றே. அங்கே அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கு வெண்கலத்தினுடையது.

புழுதிச் சோதனை இதைவிட எளிது. கார்புரேட்டரைக் கழற்றி, ஹெட்டினுள் செல்லும் காற்று வழியின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். செம்மண் நிறமோ சாம்பல் நிறமோ துணியில் ஒட்டினால் பில்டர் புழுதியைத் தடுக்கவில்லை என்பது திண்ணம். வயல் மண்ணிலுள்ள மணற்கல், பதமிட்ட எஃகையும் கீறும் கடினமுடையது. அழகுக்காகவும் ஓசைக்காகவும் பொருத்தப்படும் திறந்த கூம்பு வடிவ பில்டர்கள் நகரச் சாலைக்கே போதுமானவையல்ல; புழுதியுழவில் அவை சல்லடைக்குச் சமானம். யந்திரத்தின் மூச்சுக் குழாயை வெட்டிக் குறுக்கி நிலத்துக்கு அருகே தொங்கவிட்டிருந்தால், புழுதி அவ்வழியாக நேரே எண்ணெயிலேயே சேரும்.

கடைசியாகத் தூக்கு அளவு. கடிகாரம் போன்ற டயல் கேஜ் பெரும்பாலான பட்டறைகளில் உண்டு. அதன் முள்ளை முதலில் புஷ் ராடின் மேல் முனையிலும், பின்னர் வால்வு ஸ்பிரிங்கின் தட்டிலும் வைத்து, யந்திரத்தை மெல்லச் சுற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கவேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம். கேம் வாங்கியபோது இரு மூக்குகளும் ஒரே தூக்குடையவை. இப்போது காற்று வால்வின் புஷ் ராடு 8.0 மில்லிமீட்டரும், புகை வால்வின் புஷ் ராடு 7.1 மில்லிமீட்டரும் உயர்கின்றன. புகைக் கேமின் மூக்கு 0.9 மில்லிமீட்டர் கரைந்துவிட்டது என்பது அதனால் தெளிவு. புஷ் ராடில் இரண்டும் சரியாக உயர்ந்து, வால்வில் மட்டும் ஒன்று குறைந்தால், குற்றம் கேமில் இல்லை. ராக்கரிலோ அதன் புஷ்ஷிலோ இருக்கிறது. கேம் வாங்க விரைந்த ஒருவரின் பணம் இந்த அரைமணி நேரச் சோதனையால் மிச்சப்படும்.

கழற்றிய பிறகு

கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி அடையாளமின்றி ஒரே தட்டில் குவிப்பது சாட்சியை அழிப்பதாகும். காற்றுப் பக்கம், புகைப் பக்கம் என்று தனித்தனியே வைத்துக் கழுவுமுன் ஒருமுறை பார்க்கவேண்டும்.

எல்லா மூக்குகளும் எல்லா டாப்பெட்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவாக மங்கித் தேய்ந்திருந்தால் காரணம் பொதுவானது: எண்ணெய்ப் பஞ்சம், பழைய எண்ணெய், அல்லது புழுதி. இவற்றுள் காற்று வால்வின் கைடும் பிஸ்டன் வளையங்களும் சேர்ந்து தேய்ந்திருந்தால் புழுதியே குற்றவாளி. புகை வால்வின் கைடும் ஸீட்டும் மட்டும் தேய்ந்திருந்தால் உஷ்ணம்.

ஒரு மூக்கு மட்டும் தேய்ந்து மற்றது கண்ணாடிபோல் இருந்தால் அந்த ஒன்றுக்கே உரிய காரணத்தைத் தேடவேண்டும். அந்த வால்வின் ஸ்பிரிங் முழுத் தூக்கில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும்வரை அழுந்துகிறதா என்று பார்க்கவேண்டும். முழுத் தூக்கிலும் சுருள்களிடையே மொத்தம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் மிஞ்சவேண்டும். முட்டும் ஸ்பிரிங் ஸ்பிரிங்கன்று; இரும்புத் துண்டு. அது புஷ் ராடை வளைக்கும், கேமைத் தின்னும்.

ஸ்பிரிங் சரியாக இருப்பின் பதத்தைச் சோதிக்கவேண்டும். கேமின் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டது; உள்ளே மென்மையானது. வடிவத்தை மாற்றுவதற்காகவோ பழைய கேமைச் சீர்செய்வதற்காகவோ ஆழமாகச் சாணை பிடித்தால் அந்தக் கடின ஓடு போய்விடும். கூரிய சிறு அரத்தை மூக்கின் பக்க ஓரத்தில், டாப்பெட் தொடாத இடத்தில், மெல்ல இழுத்தால் அது வழுக்கவேண்டும். கடித்து இழுத்தால் பதம் போய்விட்டது. அக்கேமை எவ்வளவு நல்ல எண்ணெயும் காக்காது. சாணைக்குக் கொடுக்கும்போதே, சாணைக்குப் பின் மீண்டும் பதமிட்டுத் தரப்படுமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். இக்கேள்விக்கு மழுப்பலான விடை சொல்லும் பட்டறையை விட்டு அடுத்த பட்டறைக்குப் போவதே நலம். பாடியிலும் அம்பத்தூரிலும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

டாப்பெட்டின் அடியையும் நோக்கவேண்டும். அதில் வட்ட வட்டமாக மெருகேறியிருந்தால் டாப்பெட் தன் இடத்தில் சுழன்றுகொண்டு வேலை செய்தது என்று பொருள். ஒரே நேர்கோட்டில் பள்ளம் விழுந்திருந்தால் அது சுழலாமல் சிக்கிக்கொண்டது. டாப்பெட் ஏறியிறங்கும் துளையில் கசடு உள்ளதா என்று பார்க்கவேண்டும். புதிய கேமுடன் பழைய டாப்பெட்டைச் சேர்த்தல் கூடாது. பழைய கேமின் தேய்வுக்கு ஏற்பப் பள்ளமான அடி, புதிய மூக்கை ஒரு புள்ளியில் தாங்கிச் சில மணி நேரத்திலேயே கீறிவிடும். செலவைக் குறைக்க எண்ணி இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவோர் இறுதியில் மூன்று முறை செலவு செய்கிறார்கள்.

கிராம அதிகாரிகள் அறியவேண்டியது

மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் கம்பெனி குறித்தவற்றினின்று மாறும்படி வண்டியை மாற்றியமைப்பது அனுமதிக்கப்படவில்லை. பின் சக்கரத்தை நீக்கி ஏர்ச்சட்டம் பூட்டிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டிச் செல்வதால் வழக்கு நேரலாம்; விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் மறுக்கப்படலாம். வயலுக்கு வயல் கொண்டு செல்ல வேண்டியிருப்பின் வேறொரு வண்டியில் ஏற்றிச் செல்வதே தக்கது. பலர் சேர்ந்து வைத்திருக்கும் யந்திரமாயின், யார் எத்தனை மணி ஓட்டினார், எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்ற நோட்டுப் புத்தகத்தை ஒருவர் பொறுப்பில் வைக்கக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்தால் பிற்காலத்தில் எழும் பல சச்சரவுகள் தவிரும்.

புதிய கேம் பூட்டிய பின்

பூட்டும்போது கேமின் மூக்குகளிலும் டாப்பெட் அடிகளிலும் அதற்கென விற்கும் கறுப்புப் பசையைத் தாராளமாகத் தடவவேண்டும். முதன்முறை கிக்கரை அடிக்குமுன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, யந்திரத்தைப் பலமுறை சுழற்றி எண்ணெய் மேலே ஏறியதை உறுதி செய்துகொள்ளவேண்டும். யந்திரம் பிடித்தவுடன் அதனைத் தாழ்ந்த வேகத்தில் விட்டுவைப்பது பலருடைய வழக்கம்; புதிய கேமுக்கு அது தீங்கானது. கேமும் டாப்பெட்டும் சுழலும் எண்ணெயின் தெறிப்பாலும் வழிவாலுமே நனைகின்றன. தாழ்ந்த வேகத்தில் அது போதாது. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்று வேகத்தில், பாரமின்றி, வேகத்தைச் சற்று ஏற்றியும் இறக்கியும் இருபது நிமிஷம் வரை ஓட்டவேண்டும். நின்ற இடத்தில் ஓடுவதால் எதிர்காற்றுக்காக ஒரு மின்விசிறியை ஹெட்டின் முன் வைத்தல் அவசியம். வெப்பம் மிகுந்தால் நிறுத்தி, ஆறவிட்டு, மிச்ச நிமிஷங்களை ஓட்டலாம்.

பிறகு எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றவேண்டும். மறுநாள் காலையில், யந்திரம் முற்றிலும் குளிர்ந்தபின், புஷ் ராடின் சுழற்சியைச் சோதித்துத் திருகைச் சரிசெய்து நோட்டில் எழுதவேண்டும். ஐந்து மணி நேர வேலைக்குப் பின் ஒருமுறையும், இருபத்தைந்து மணிக்குப் பின் ஒருமுறையும் அதே சோதனை. முதல் முறை திருகைச் சிறிது நீட்டவேண்டியிருப்பது இயல்பு. பாகங்கள் ஒன்றோடொன்று படிந்துகொள்வதே காரணம். இருபத்தைந்தாவது மணியிலும் அதே அளவு நீட்டவேண்டியிருந்தால் காரணம் இன்னும் நீங்கவில்லை. அன்றே வேலையை நிறுத்தி, ராக்கர் மூடியைத் திறந்து எண்ணெய் வருகிறதா என்று பார்ப்பதிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும்.